சுவருக்குள்ளும் புல்வெளியிலும்: ஒரு தடுப்பாட்டக்காரரின் கதை



ஓர் ஆட்டக்காரரைப் பற்றிப் பேசுங்கள் என்று கேட்டால் பொதுவாகக் கோல் அடித்தவரைத்தான் எடுத்துக்கொள்வார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பவர் அமெரிக்க நாட்டு அணிக்காக 61 ஆட்டங்கள் ஆடியவர். அந்த 61 ஆட்டங்களில் அவர் அடித்த கோல் ஒன்றுகூட இல்லை. பெயர் பெர்னான்டோ கிளாவிஹோ. உங்களில் பாதிப் பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். மீதிப் பாதிப் பேர் மரியாதைக்காகத் தலையாட்டுகிறீர்கள். பரவாயில்லை.

அவர் பின்கள ஆட்டக்காரர். நாட்டு அணியில் பெரும்பாலும் வலது ஓரத்தில் நின்றவர். இரண்டு விதமான கால்பந்தைத் தொழிலாக ஆடினார். ஒன்று நாம் எல்லோரும் அறிந்த புல்வெளி ஆட்டம். இன்னொன்று ஐஸ் ஹாக்கி அரங்கத்துக்குள், நாலா பக்கமும் பலகைச் சுவர் சூழ ஆடப்படும் ஆட்டம். பண்டிதர்கள் அந்த இரண்டாவதைக் கால்பந்தாகவே மதித்ததில்லை. சர்க்கஸ் என்றார்கள், பின்பால் மெஷின் என்றார்கள். ஆனால் கிளாவிஹோ 38 வயதில் உலகக் கோப்பை ஆடினார். அவரை அந்த வயதில் அங்கே கொண்டுபோய் நிறுத்தியது அந்தச் சுவர் ஆட்டம்தான் என்பது என் கட்சி. இன்றைக்கு அதற்குத்தான் வாதாடப் போகிறேன்.

1956 ஜனவரியில் உருகுவே நாட்டின் மால்டொனாடோவில் பிறந்தார். அந்த நாட்டைப் பற்றி மூன்று செய்திகள் போதும். மிகச் சிறிய நாடு. 1930லும் 1950லும் உலகக் கோப்பை வென்ற நாடு. அரங்கத்துக்குள் ஆடும் ஃபுட்சால் பிறந்ததும் அங்கேதான். 1930இல் மான்டெவிடியோவில் ஒய்.எம்.சி.ஏ.வில் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த ஹுவான் கார்லோஸ் செரியானி, பிள்ளைகள் கூடைப்பந்துக் கூடத்திலேயே பந்து உதைக்க ஒரு விதித் தொகுப்பு எழுதினார். அமெரிக்கர்கள் பிறகு கண்டுபிடித்த சுவர் ஆட்டம் வேறு வகை. ஆனாலும் உள்ளரங்க ஆட்டத்தில் பெயர் வாங்கிய ஒருவர் உருகுவேயிலிருந்து வந்தார் என்பதில் ஒரு பொருத்தம் இருக்கிறது.

பக்கத்து ஊரான சான் கார்லோஸின் அதெனாஸ் கிளப்பில் ஆடத் தொடங்கி, 1979இல் அமெரிக்கா போனார். அப்போது வயது 23. ஐரோப்பியப் பெருங்கிளப்புகள் கூப்பிட்டுப் போனவர் அல்ல. அந்நாளில் அமெரிக்கக் கால்பந்துக்குப் போவதென்பது ஒரு துணிச்சல், அல்லது வேறு வழியின்மை. பெலேயையும் பெக்கன்பவரையும் விலைக்கு வாங்கிக் கொண்டுவந்த காஸ்மாஸ் கிளப்பின் வெளிச்சம் ஒருபுறம் இருந்தது. அந்த வெளிச்சத்துக்கு வெளியே சின்ன லீக்குகள், சின்னச் சம்பளங்கள். கிளாவிஹோ முதலில் ஆடியது அப்படிப்பட்ட ஒரு நியூயார்க் கிளப்பில்.

இங்கே கொஞ்சம் நின்று, அந்தச் சுவர் ஆட்டம் எப்படி வந்தது என்று சொல்லிவிட வேண்டும்.

1974 பிப்ரவரியில் சோவியத் ராணுவக் கிளப் ஒன்று அமெரிக்கா வந்தது. பிலடெல்பியாவின் ஸ்பெக்ட்ரம் அரங்கத்தில், ஹாக்கித் தளத்தின் மீது செயற்கைப் புல் விரிப்பைப் போட்டு, பிலடெல்பியா ஆட்டம்ஸ் அணியோடு ஆடியது. சோவியத் அணி 6-3 என்று வென்றது. குளிர்கால இரவில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்து பார்த்தார்கள். அந்தக் கூட்டத்தைக் கண்ட சிலருக்கு ஒரு கணக்கு புரிந்தது. அமெரிக்காவில் ஊருக்கு ஊர் ஹாக்கி அரங்கம் உண்டு, குளிர்காலத்தில் அது காலியாக இருக்கும் இரவுகள் உண்டு, நிறைய கோல் பார்க்க ஆசைப்படும் ஜனமும் உண்டு. இந்தக் கணக்கிலிருந்து பிறந்ததுதான் எம்.ஐ.எஸ்.எல். என்ற உள்ளரங்க லீக். முதல் ஆட்டம் 1978 டிசம்பர் 22 அன்று, லாங் ஐலண்டில் உள்ள நாசாவ் கொலிசியத்தில். நியூயார்க் ஆரோஸ் அணி சின்சினாட்டி கிட்ஸ் அணியை 7-2 என்று வென்றது. பந்தை முதலில் உதைத்துத் தொடங்கிவைத்தவர் பேஸ்பால் நட்சத்திரம் பீட் ரோஸ். பேஸ்பால்காரர் காலில் கால்பந்து! எல்லாவற்றையும் வேடிக்கையாக்கி விற்கத் தெரிந்த ஊர் அது. லேசர் ஒளி, புகை, டிஸ்கோ இசை நடுவே ஆட்டக்காரர்கள் களத்துக்குள் ஓடிவருவார்கள்.

சர்க்கஸ் என்று பண்டிதர்கள் சொன்னதில் பாதி இந்த அலங்காரத்தைப் பற்றியது. அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அலங்காரத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள். 200 அடி நீளம், 85 அடி அகலம் கொண்ட தளம். கோல்கீப்பரோடு சேர்த்து ஓர் அணிக்கு 6 பேர். 15 நிமிடக் கால்பகுதிகள் நான்கு. கோலின் அகலம் வெளிக்களத்து 24 அடியில் ஏறத்தாழ பாதி. ஆட்டம் நிற்காமலே ஆளை மாற்றிக்கொள்ளலாம், எத்தனை முறை வேண்டுமானாலும்.

இந்தப் பெட்டிக்குள் ஒரு தடுப்பாட்டக்காரருக்கு என்ன நேர்கிறது? வெளிக்களத்தில் அவருக்கு மூன்று துணைகள் உண்டு. முதல் துணை எல்லைக்கோடு. எதிராளியை ஓரமாகத் தள்ளிக்கொண்டே போனால் போதும். கோடு வந்து பந்தை வெளியே எடுத்துக்கொள்ளும். இரண்டாவது ஆஃப்சைடு. நான்கு பேர் சேர்ந்து ஓரடி முன்னே வைத்தால் எதிரணி ஃபார்வர்டு செத்துப்போவார். மூன்றாவது, குறி தவறிய ஷாட். பந்து கம்பத்துக்கு மேலே பறந்தால் கோல் கிக். முப்பது நொடி மூச்சு வாங்கலாம்.

சுவருக்குள் இந்த மூன்றும் இல்லை. ஓரத்தில் கோட்டுக்குப் பதில் பலகை. எதிராளி பந்தைப் பலகையில் அடித்து, உங்களைச் சுற்றி ஓடி, திரும்பி வரும் பந்தைத் தானே எடுத்துக்கொள்வார். அவருக்குப் பாஸ் கொடுக்க சுவர் இன்னொரு ஆளாக நிற்கிறது. ஆஃப்சைடு கிடையாது, மூன்று கோடுகளையும் தாண்டி யார் மீதும் படாமல் முன்னே அடிக்கக் கூடாது என்ற ஒரு கட்டுப்பாடு மட்டும் உண்டு. ஆகவே ஒருவர் உங்கள் கோல்கீப்பர் முன்னால் கூடாரம் போட்டே நின்றாலும் கேட்க முடியாது. எல்லாவற்றையும்விடக் கொடுமை அந்தத் தவறிய ஷாட். கோலுக்குப் பின்னாலும் பலகைதான். குறி தவறிய பந்து உள்ளே திரும்பி வரும். சில கில்லாடிகள் வேண்டுமென்றே தவறவிட்டு அடிப்பார்கள். ஷாட்டைப் பார்த்துத் திரும்பிய தடுப்பாட்டக்காரரின் முதுகுக்குப் பின்னால் பந்து கிடக்கும்.

ஆக, அங்கே நிற்பவருக்கு இரண்டு வேலைகள் முழுநேரமாகிவிடுகின்றன. ஒன்று, பந்து எங்கே இருக்கிறது என்று பார்ப்பதோடு எந்தக் கோணத்தில் திரும்பி வரும் என்றும் கணக்குப் போடுவது. கேரம் ஆடியவர்களுக்கு இது கொஞ்சம் புரியும். கேரத்தில் உங்களை யாரும் முழங்கையால் இடிக்க மாட்டார்கள் என்பதுதான் வித்தியாசம். இன்னொன்று, ஷாட்டுக்கு நடுவே உடம்பைக் கொண்டுபோய் வைப்பது. தொடையில், விலாவில், சில சமயம் முகத்தில் பந்தை வாங்குவது. வெளிக்களத்தில் இதை ஆபத்துக் காலத்தில் செய்வார்கள். உள்ளே அது அன்றாட வேலை. அதனால்தான் அந்த லீக்கில் யார் எத்தனை ஷாட்டை மறித்தார் என்றுகூடக் கணக்கு வைத்தார்கள். எந்தப் பெரிய கால்பந்து நாடும் அன்றைக்குத் தடுப்பவருக்கு இப்படி எண் கொடுத்ததாக எனக்குத் தெரியவில்லை. சர்க்கஸ்காரர்கள் கொடுத்தார்கள்.

இன்னொரு விதியையும் சொல்லிவிடுகிறேன், பிறகு தேவைப்படும். மோசமான ஃபவுல் செய்தால் ஹாக்கியில் போல இரண்டு நிமிடம் தண்டனைப் பெட்டியில் உட்கார வேண்டும். அதுவரை உங்கள் அணியில் ஓர் ஆள் குறைவு. பிறகு எழுந்து உள்ளே வந்துவிடலாம்.

கிளாவிஹோ 1981இல் இந்த லீக்குக்குள் வந்து சேர்ந்த அணி நியூயார்க் ஆரோஸ். தொடர்ந்து நான்கு பட்டங்களை வென்ற அணி அது. அதன் நட்சத்திரம் யூகோஸ்லாவியாவிலிருந்து வந்த ஸ்டீவ் ஜுங்குல். உள்ளரங்கங்களின் பிரபு என்றே அவரைப் பட்டம் சூட்டி அழைத்தார்கள். கோல் அடிப்பதில் அந்த ஆட்டத்தில் அவருக்கு இணை கிடையாது. ரசிகர்கள் அவரை ஆட்ட நாளில் மட்டும் பார்த்தார்கள். பயிற்சியில் அவரைத் தடுக்க வேண்டியிருந்தது சொந்த அணியின் பின்களக்காரர்கள். அதைவிட நல்ல பள்ளிக்கூடம் வேறென்ன இருந்திருக்க முடியும்? கோடையில் கிளாவிஹோ புல்வெளிக்குப் போவார். 1983 வாக்கில் கலிபோர்னியாவில் கோல்டன் பே எர்த்குவேக்ஸ் அணிக்காக, பெரிய லீக்கான என்.ஏ.எஸ்.எல்.-இல் ஆடினார். குளிர்காலத்தில் சுவர், கோடையில் புல். ஓய்வு மாதம் என்று ஒன்று அந்தத் தலைமுறையில் பலருக்கு இல்லை.

இப்படி இரண்டையும் ஆடியது பாராட்டி எழுத வேண்டிய ஆர்வம் மட்டும் அல்ல, பிழைப்பு. அந்தக் காலத்து அமெரிக்கக் கிளப்புகள் ஒவ்வொன்றாக மூடப்பட்ட வரிசையைக் கேளுங்கள். ஆரோஸ் 1984இல் மூடியது. அதே ஆண்டோடு என்.ஏ.எஸ்.எல். தன் கடைசிப் பருவத்தை ஆடி, 1985இல் கலைந்தது. அதற்குப் பிறகு 1996இல் எம்.எல்.எஸ். வரும்வரை அந்தப் பெரிய நாட்டில் வெளிக்களத்துக்கு முதல்தர லீக்கே கிடையாது. பதினோரு வருடம்! 28 வயதில், ஒரு தடுப்பாட்டக்காரரின் நல்ல காலம் தொடங்கும் வேளையில், கிளாவிஹோவின் காலடியிலிருந்து புல்வெளி உருவப்பட்டது. முழுச் சம்பளம் கொடுக்க மிஞ்சியிருந்தது சுவர்தான்.

அவர் சான் டியேகோ சாக்கர்ஸ் அணிக்குப் போனார். அவர் ஆட்டத்தின் உச்சம் அங்கேதான் என்பது என் மதிப்பீடு. பயிற்சியாளர் ரான் நியூமன் என்ற ஆங்கிலேயர். 1982 முதல் 1992 வரையிலான பதினோரு உள்ளரங்கப் பருவங்களில் அந்தக் கிளப் பத்துப் பட்டங்களை வென்றது. இடையில் 1987 ஒன்றுதான் டாலஸ் அணிக்குப் போனது. அமெரிக்காவின் எந்தத் தொழில்முறை விளையாட்டிலும் இப்படி ஓர் ஆதிக்கம் அபூர்வம். ஜுங்குலும் அங்கே வந்து சேர்ந்தார். பிராங்கோ ஷெகோட்டா, ஹங்கேரியரான ஜூலி வீ, எல் சல்வடாரில் பிறந்த ஹூகோ பெரெஸ் என்று முன்களம் நிறைந்திருந்தது. கிளாவிஹோ இருந்தபோது 1985, 1986, 1988 பட்டங்கள் வந்தன. பட்டியலில் கோல் அடித்தவர்கள் பெயர்தான் முன்னே நிற்கும். ஆனால் நான்கைந்து பேர் முன்னே பாய்ந்து விளையாடும் அணியில் பின்னால் ஒருவர் வீடு காக்க வேண்டும். வேகமாக ஓடிக் காக்கிறவர், பந்தைப் பறித்த மறுகணமே அதை முன்னே கொண்டுபோகிறவர். கிளாவிஹோவுக்கு இரண்டும் வரும். உள்ளே தடுப்பாட்டக்காரர் வெட்டி எறிந்துவிட்டு நிற்க முடியாது. பந்தை எங்கே எறிந்தாலும் திரும்பி வரும். அதனால் அவர் பாஸ் கற்றுக்கொண்டே தீர வேண்டும்.

பிறகு லாஸ் ஏஞ்சலிஸ் லேசர்ஸ். 1989இல் அதுவும் மூடியது. அடுத்து செயின்ட் லூயிஸ் ஸ்டார்ம். 1992இல் லீக்கே கலைந்தது. ஒரு மனிதர் போன இடமெல்லாம் கடை மூடப்படுகிறது. நம் ஊராக இருந்தால் ஜாதகம் பார்க்கச் சொல்லியிருப்பார்கள்.

ஆனால் அதற்குள் ஓர் அதிசயம் நடந்துவிட்டிருந்தது. 1990இல், 34 வயதில், அமெரிக்க நாட்டு அணி அவரை முதன்முறையாக அழைத்தது. அந்த வயதில் தடுப்பாட்டக்காரர்களுக்குப் பிரிவு உபசாரம் நடத்துவார்கள். நாற்பது ஆண்டு இடைவெளிக்குப் பிறகு அந்த 1990 உலகக் கோப்பைக்குத்தான் அமெரிக்கா தகுதி பெற்றிருந்தது. இத்தாலிக்குப் போய் மூன்று ஆட்டங்களையும் தோற்றுத் திரும்பியது. 1994 போட்டியை நடத்தும் நாடே அதுதான் என்பதால் மானம் போகாமல் ஆட வேண்டிய கட்டாயம். 1991இல் பயிற்சியாளராக வந்தவர் போரா மிலுட்டினோவிச். மெக்சிகோவையும் கோஸ்டாரிகாவையும் உலகக் கோப்பைகளில் நடத்தியவர். அந்த அணியில் பல்கலைக்கழகத்திலிருந்து நேரே வந்த பிள்ளைகள் நிறைய. நெருக்கடியில் பந்தை வைத்துக்கொண்டு பதறாமல் இருக்கத் தெரிந்தவர்கள் கொஞ்சம். மூச்சுவிட இடமில்லாத பெட்டிக்குள் வருடக்கணக்கில் ஆடியவருக்கு வெளிக்களத்தின் நெருக்கடி என்பது ஒரு மைதானம் அளவு சுதந்திரமாகத் தெரிந்திருக்கும். என் கட்சிக்கு முதல் சாட்சியம் இது.

1991 ஜூலையில் முதல் கோல்ட் கப் இறுதி ஆட்டம் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்தது. ஹோண்டுராஸுடன் கோல் இல்லாத சமநிலை. பெனால்டிகளில் 4-3 என்று அமெரிக்கா வென்றது. வெற்றியை முடித்துவைத்த பெனால்டியை அடித்தவர் கிளாவிஹோ. பெனால்டி மோதலில் அடிப்பது சர்வதேச கோல் கணக்கில் சேராது. அதனால் அவர் பெயருக்கு எதிரே பூஜ்யம் பூஜ்யமாகவே நின்றது. எனக்கு இந்தக் கணக்கு முறை மேல் கொஞ்சம் கோபம் உண்டு.

லீக் இல்லாத நாடு என்பதால் அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பே ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுத்து, கலிபோர்னியாவின் மிஷன் வியேஹோவில் முகாம் போட்டுத் தங்கவைத்தது. நாட்டு அணியே கிளப் மாதிரி. இருபதுகளில் இருந்தவர்களோடு 37, 38 வயதுக்காரர் ஓடினார். சும்மா பெயருக்கு வைத்திருக்கவில்லை. அந்த அணியில் மிக வேகமானவர்களில் ஒருவர் அவர். உள்ளரங்கத்தில் ஓர் ஆளின் முறை ஒன்று, ஒன்றரை நிமிடம்தான்; அதை முழு வேகத்தில் ஓடிவிட்டு உட்கார வேண்டும், மறுபடி எழ வேண்டும். குறுகிய பாய்ச்சல்களுக்குப் பழகிய கால்கள் அந்தப் பழக்கத்தைச் சீக்கிரம் மறக்கவில்லை என்று நினைக்கிறேன். இது என் இரண்டாவது சாட்சியம். மருத்துவர்கள் இருந்தால் மறுக்கலாம். சிமென்டின் மேல் விரித்த அந்தக் கம்பளம் எத்தனையோ பேரின் முழங்காலைத் தின்றிருக்கிறது என்பதும் உண்மை. இவர் தப்பியவர்.

1994 உலகக் கோப்பைக்கு வருவோம். இதில் ஒரு வேடிக்கை. ஜூன் 18 அன்று அமெரிக்கா சுவிட்சர்லாந்தோடு ஆடிய முதல் ஆட்டம் டெட்ராய்ட் அருகே பான்டியாக் சில்வர்டோமில் நடந்தது. உலகக் கோப்பை வரலாற்றில் கூரைக்கு அடியில் ஆடப்பட்ட முதல் ஆட்டம் அது. மிஷிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் அறுகோணத் தட்டுகளில் நிஜப் புல் வளர்த்து, உள்ளே கொண்டுவந்து பொருத்தினார்கள். உள்ளரங்கத்தில் வாழ்நாளைக் கழித்த கிளாவிஹோ அன்று வெளியே உட்கார்ந்திருந்தார்! ஆட்டம் 1-1. நான்கு நாள் கழித்து, பசடீனாவின் ரோஸ் பவுலில், திறந்த வானத்தின் கீழே, கொலம்பியாவுக்கு எதிராக அவரை வலது ஓரத்தில் இறக்கினார் போரா. அந்த ஆண்டு கோப்பையே கொலம்பியாவுக்குத்தான் என்று பெலே ஆருடம் சொல்லியிருந்தார். அமெரிக்கா 2-1 என்று வென்றது.

அந்த ஆட்டத்தை நீங்கள் வேறொரு காரணத்துக்காக அறிவீர்கள். அமெரிக்காவின் ஜான் ஹார்க்ஸ் இடப்பக்கத்திலிருந்து அனுப்பிய பந்தை மறிக்க நீட்டிய கால் பட்டு, பந்து சொந்தக் கோலுக்குள் போனது. கால் கொலம்பியாவின் ஆண்ட்ரஸ் எஸ்கோபருடையது, அவரும் தடுப்பாட்டக்காரர். அவர் செய்தது சரியான காரியம். அந்தப் பந்து பின்னால் ஓடிவந்த ஆளுக்குப் போயிருந்தால் கோலாகியிருக்கும். பத்து நாளில், ஜூலை 2 அன்று, மெடயினில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வயது 27. ஃபார்வர்டு நூறு முறை தவறவிட்டாலும் அடுத்த முறை பார்ப்போம் என்பார்கள். பின்னால் நிற்பவனின் ஒரு தொடுகை வரலாறாகிவிடுகிறது. இதற்கு மேல் இதைப் பற்றி நான் பேசப்போவதில்லை.

ருமேனியாவிடம் 1-0 என்று தோற்றும் அமெரிக்கா அடுத்த சுற்றுக்குப் போனது. அவர்களின் சுதந்திர தினமான ஜூலை 4 அன்று, ஸ்டான்ஃபோர்ட் அரங்கில், எதிரே பிரேசில். ரொமாரியோ, பெபெட்டோ. கிளாவிஹோ ஆடினார், சான் டியேகோவின் சுவருக்குள் அவரோடு ஆடிய ஹூகோ பெரெஸும் ஆடினார். சர்க்கஸ்காரர்கள் இரண்டு பேர், உலகக் கோப்பையில், பிரேசிலுக்கு எதிராக! இடைவேளைக்குச் சற்று முன் லியோனார்டோ முழங்கையால் இடித்ததில் அமெரிக்காவின் டாப் ராமோஸின் மண்டை ஓட்டில் விரிசல். லியோனார்டோவுக்குச் சிவப்பு அட்டை. பத்துப் பேரோடு ஆடிய பிரேசில் 72ஆவது நிமிடத்தில்தான் கோல் அடித்தது, அடித்தவர் பெபெட்டோ. ஆட்டம் முடியும் தறுவாயில் கிளாவிஹோவுக்கு இரண்டாவது மஞ்சள் அட்டை. வெளியேற வேண்டியதாயிற்று. உள்ளரங்கமாக இருந்தால் இரண்டு நிமிடம் பெட்டியில் உட்கார்ந்துவிட்டு வந்திருப்பார். புல்வெளியில் திரும்பி வரும் வழி இல்லை. நாட்டு அணிக்காக அவர் ஆடிய கடைசி ஆட்டம் அதுதான். கோப்பையை வென்றது அந்தப் பிரேசில்; ஒரே கோலில் அவர்களிடம் தோற்றதற்கு வெட்கப்பட ஏதுமில்லை.

அதற்குப் பிந்தைய வாழ்க்கையை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். சியாட்டில் சீடாக்ஸ் என்ற உள்ளரங்க அணிக்குப் பயிற்சியாளராகி 1997இல் பட்டம் வாங்கிக் கொடுத்தார். அந்த ஆண்டோடு அந்த லீக்கும் கலைந்தது. ஜாதகம் விடவில்லை. 1998 உலகக் கோப்பையில் நைஜீரியா அணியை நடத்திய போராவுக்கு உதவியாளர். எம்.எல்.எஸ்.-இல் நியூ இங்கிலாந்து, கொலராடோ அணிகளுக்குப் பயிற்சியாளர். இடையில் ஹைத்தி நாட்டு அணி. பயிற்சியாளராக அவர் சுமார் என்றுதான் சொல்வேன். அந்த 1997 பட்டத்துக்குப் பிறகு பெரிதாக எதுவும் வரவில்லை. 2005இல் அமெரிக்கக் கால்பந்தின் புகழரங்கில் சேர்க்கப்பட்டார். 2012 முதல் எஃப்.சி. டாலஸ் கிளப்பின் தொழில்நுட்ப இயக்குநர். அந்த வேலை அவருக்குப் பொருந்தியது. உள்ளூர்ப் பிள்ளைகளை வளர்த்து மேலே ஏற்றுவதில் அந்தக் கிளப் பெயர் வாங்கியது. 2016இல் லீக்கின் சப்போர்ட்டர்ஸ் ஷீல்டையும் யு.எஸ். ஓபன் கோப்பையையும் ஒரே ஆண்டில் வென்றது. மல்டிபிள் மைலோமா என்னும் ரத்தப் புற்றுநோயோடு போராடி, 2019 பிப்ரவரி 8 அன்று, 63 வயதில் காலமானார்.

இந்தக் கதையை இங்கே சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. இன்றைக்கு நம் ஊர்களில் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் டர்ஃப்கள் தெருவுக்குத் தெரு முளைத்திருக்கின்றன. வலை கட்டிய சின்னத் தளம், அணிக்கு ஐந்து பேர், இரவு பதினொரு மணிக்கும் கூட்டம். இதெல்லாம் கால்பந்தா, பெரிய மைதானத்தில் ஆடினால்தானே ஆட்டம் என்று சலித்துக்கொள்ளும் பெரியவர்கள் இந்த அவையிலும் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். பெரிய மைதானம் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை, அரசாங்கத்திடம் சேர்ந்தே கேட்போம். அதுவரை அந்த டர்ஃபில் ஆடும் பிள்ளைகளை ஏளனம் செய்யாதீர்கள். முடிந்தால் ஒரு காரியம் செய்யுங்கள். அங்கே எல்லோருமே கோல் அடிக்கத்தான் ஓடுகிறார்கள். பின்னால் நிற்க விருப்பமுள்ள பிள்ளை யார் என்று கேட்டு, அவனுக்கோ அவளுக்கோ எங்கே நிற்பது, எப்போது கால் நீட்டுவது, பறித்த பந்தை யாரிடம் கொடுப்பது என்று சொல்லிக்கொடுங்கள்.

கேள்வி இருப்பவர்கள் இப்போது கேட்கலாம்.